தியோத்தல்லேவி யார் வீட்டுப் பிள்ளை?

கேள்வி: என் மகள் இத்தாலியின் துரின் நகரில் ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறாள். அங்கே அடுக்குமாடி வீடுகளின் வாசலில் அழைப்புமணிக்குப் பக்கத்தில் கதவு எண்ணைவிடக் குடும்பப்பெயர்தான் எழுதியிருக்குமாம். அவளுடைய வீட்டுக்காரரின் மணியில் ‘டியோடலேவி’ என்று இருக்கிறது. அவள் படம் எடுத்து அனுப்பியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உம்பர்த்தோ எக்கோவின் ‘ஃபூக்கோவின் ஊசல்’ நாவலை இப்போதுதான் படித்து முடித்தேன். அதில் இதே பெயரில் ஒருவர் வருகிறார். தான் யூதன் என்று அவர் சாதிக்கிறார். நண்பரோ, அது பெற்றோர் தெரியாத குழந்தைகளுக்கு வைக்கிற பெயர் என்று வாரிவிடுகிறார். பெர்லினில் உள்ள ரஃபேலின் மாதா ஓவியம் ஒன்றுக்கும் இதே பெயர் என்று வேறெங்கோ படித்த நினைவு. இந்தப் பெயருக்கு என்ன பொருள்? நிறையப் பேருக்கு உண்டா? உண்மையிலேயே அது அநாதைப் பிள்ளைகளின் பெயர்தானா? வீட்டுக்காரரிடம் கேட்க மகள் தயங்குகிறாள்.
— ஒரு வாசகி, மதுரை

பதில்: மகள் தயங்கியது நல்லது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உச்சரிப்பு. ஆங்கிலத்தின் வழியாகப் படித்ததால் நீங்கள் டகரம் போட்டிருக்கிறீர்கள். இத்தாலியர் அந்த ஒலியை நாக்கின் நுனியைப் பல்லில் வைத்துச் சொல்கிறார்கள். அது நம் தகரமேதான். லகரம் இரட்டிக்கும், அழுத்தம் ‘லே’யில் விழும். ‘தியோத்தல்லேவி’ என்று நீங்கள் தமிழில் எழுதிப் படித்தாலே வீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். இரட்டித்த மெய்யைத் தனியாகக் காதில் வாங்கிச் சொல்வது ஆங்கிலேயருக்குத் தலைவலி. நமக்குப் ‘பல்’லும் ‘பல்லி’யும் பழகிய நாக்கு, சிரமமே இல்லை.

அது பெயர் என்பதைவிட ஒரு முழு வாக்கியம். ‘தியோ’ என்றால் கடவுள். ‘தி’ என்றால் உன்னை. ‘அல்லேவி’ என்றால் வளர்க்கட்டும். உன்னைக் கடவுள் வளர்க்கட்டும். இத்தாலியக் குடும்பப்பெயர்கள் பல இகரத்தில் முடிவதைக் கவனித்திருப்பீர்கள்: ரோஸ்ஸி, பியாங்கி, ஃபெர்ராரி. ‘இன்னாரின் வீட்டார்’ என்ற பொருளில் வந்த பன்மை இகரம் அது. நம் பெயரின் கடைசி இகரம் அந்த இனமே இல்லை. ‘வளர்க்கட்டும்’ என்பதில் ‘-அட்டும்’ செய்கிற வேலையை இங்கே அந்த இகரம் செய்கிறது. வேண்டுதலைச் சொல்லும் வினைவிகுதி.

அந்த வினைச்சொல்லையும் சற்றுப் பார்க்க வேண்டும், குழப்பம் தொடங்குகிற இடம் அதுதான். ‘அல்லெவாரே’ என்ற சொல்லுக்கு லத்தீனில் மேலே தூக்குவது என்பதே பொருள். இத்தாலியத்தில் குழந்தையையும் கன்றுகாலிகளையும் வளர்ப்பதற்கு அதே சொல். பண்ணையில் மாடு வளர்ப்பவர் ‘அல்லெவத்தோரே’. பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிக்கு ‘லெவத்ரீச்சே’ என்று பெயர். பிள்ளையைத் தூக்கி எடுப்பவள். தமிழிலும் தூக்குவதும் வளர்ப்பதும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன, ஆனால் ‘எடுத்து வளர்த்த பிள்ளை’ என்றதும் நமக்குப் பெறாத பிள்ளை என்று பொருளாகிவிடுகிறது. இத்தாலியத்தில் அப்படி இல்லை. பெற்றவளும் தன் பிள்ளையை ‘அல்லெவாரே’ செய்கிறாள். ஆகவே சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ‘கடவுள் வளர்க்கட்டும் என்றால் பெற்றவர்கள் இல்லை என்றுதானே அர்த்தம்’ என்று முடிவுகட்ட முடியாது. நாவலில் அந்த நண்பர் கட்டும் முடிவு அதுதான்.

இந்தப் பெயர் எப்போது பிறந்தது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஆயிரத்து நூறுகளிலும் ஆயிரத்து இருநூறுகளிலும் நடு இத்தாலியில், குறிப்பாகத் தஸ்கனி நகரங்களில், பிறந்த பிள்ளைக்கு வாழ்த்தையே பெயராகச் சூட்டும் வழக்கம் கொடிகட்டிப் பறந்தது. பிறக்கும் பிள்ளைகளில் பலவும் தங்காத காலம். தொட்டிலில் கிடப்பது நாளைக்கும் கிடக்குமா என்ற பயத்தில் இருந்த தாய்தகப்பன் பெயரிலேயே கடவுளைக் கூப்பிட்டு வைத்தார்கள். பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கும்போதெல்லாம் ஒரு பிரார்த்தனை நடந்துவிடும். ‘தியோத்திசால்வி’ என்றால் கடவுள் உன்னைக் காக்கட்டும். ‘தியோத்தயூத்தி’ என்றால் கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும். அந்தக் காலத்து ஃப்ளாரன்ஸ் கவிஞர் ஒருவரின் பெயர் போந்தியே தியத்தயூத்தி. ‘பெந்திவோல்யோ’ என்றால் உனக்கு நல்லதையே நினைக்கிறேன். போலோஞ்ஞா நகரத்தை ஆண்ட குடும்பத்தின் பெயர் அது. அரசியலில் அவர்கள் எல்லோருக்கும் நல்லதை நினைத்தார்கள் என்று சொல்வதற்கில்லை.

இந்த வழக்கத்துக்குக் கல்லில் வெட்டிய சாட்சி பீசா நகரில் இருக்கிறது. சாய்ந்த கோபுரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அதன் பக்கத்திலுள்ள வட்டமான ஞானஸ்நான மண்டபத்தை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். அதைக் கட்டத் தொடங்கிய சிற்பி தியோத்திசால்வி. கல்வெட்டில் 1153 என்று இருக்கும். நம் கணக்குக்கு 1152. பீசாக்காரர்கள் ஆண்டை மார்ச் 25ஆம் தேதியன்றே, அதுவும் நமக்கு முன்னதாகத் தொடங்கிவிடுவார்கள், அதனால் வந்த வித்தியாசம். அதே ஊரில் அவர் கட்டிய திருக்கல்லறைக் கோயிலின் மணிக்கூண்டில் இன்னொரு கல்வெட்டு உண்டு. இந்த வேலையைச் செய்தவரின் பெயர் இன்னது என்று அறிவிக்கிறது. வெட்டியவர் லத்தீன் தெரிந்தவர். பெயரையும் விடாமல் லத்தீனில் பெயர்த்து ‘தேவுஸ்தேசால்வெத்’ என்று பொறித்துவிட்டார். பெயருக்குள் ஒரு வாக்கியம் இருப்பது அன்றைக்கு எல்லோர் காதிலும் கேட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். பொருள் மறந்துபோன பெயராக இருந்தால் யார் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பார்கள்?

‘தியோத்தல்லேவி’யும் இந்தக் கூட்டத்துப் பிள்ளை. முதலில் அது குடும்பப்பெயரே இல்லை. ராமன், முருகன் போல ஒருவருக்கு இட்ட பெயர். மைக்கலாஞ்சலோவின் குடும்பப்பெயரான புவொனர்ரோத்தி கூட இப்படி வந்ததுதான். ‘வீட்டுக்கு நல்லதொரு வரவு’ என்று யாரோ ஒரு பிள்ளைக்கு ஆசையாக வைத்தது பிறகு வம்சத்துக்கே ஒட்டிக்கொண்டது. பின்னாளில் வழக்கம் தேய்ந்தபோதும் ஆசை போகவில்லை. பொற்கொல்லரும் சிற்பியுமான செல்லினி 1500இல் பிறந்தவர். பெண் பிறக்கும் என்று எதிர்பார்த்திருந்த வீட்டில் ஆண் பிறந்ததும் தகப்பனார் கைகூப்பி நன்றி சொல்லி, ‘வரவேற்கிறோம்’ என்ற பொருளில் பென்வெனூத்தோ என்று பெயரிட்டாராம். செல்லினியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் நிறைய அளந்துவிடுகிற மனிதர்தான், ஆனாலும் இந்த இடத்தில் நான் அவரை நம்புகிறேன்.

ஆயிரத்து முந்நூறுகளுக்குப் பிறகு புனிதர்களின் பெயர்கள் மேலோங்கின. பிரான்சிஸ் துறவிகளும் தொமினிக் துறவிகளும் ஊர் ஊராகப் போதித்த காலத்தில் பிரான்செஸ்கோ, தொமேனிக்கோ, அந்தோனியோ, ஜியோவான்னி என்று பிள்ளைகள் பெருகினார்கள். வாழ்த்துப் பெயர்கள் வழக்கொழிந்தன. ஆனால் அதற்குள் பல வீடுகளில் ‘தியோத்தல்லேவியின் மகன்’, ‘தியோத்தல்லேவியின் பேரன்’ என்று சொல்லிச் சொல்லி அது வீட்டுக்குப் பெயராகியிருந்தது. 1563இல் திரெந்து பொதுச்சங்கம், ஒவ்வொரு பங்குக் குருவும் திருமணங்களையும் ஞானஸ்நானங்களையும் ஏட்டில் எழுதியே ஆக வேண்டும் என்று கட்டளையிட்டது. ஏட்டில் ஏறிய பெயர் அதன்பிறகு லேசில் மாறாது. அதுவரை தகப்பன் பெயர், தொழில், ஊர், பட்டப்பெயர் என்று தலைமுறைக்கு ஒன்றாக ஓடிக்கொண்டிருந்த இத்தாலியக் குடும்பப்பெயர்கள் உறைந்து நின்றது இதனால்தான்.

நீங்கள் படித்த ரஃபேல் ஓவியம் இங்கே வருகிறது. கன்னி மரியாள், குழந்தை இயேசு, சின்ன வயது யோவான் மூவரும் உள்ள, ரஃபேலின் இளமைக்கால ஓவியம் அது. ‘தியோத்தல்லேவி மதொன்னா’ என்று அழைக்கப்படுவதற்கும் ஓவியத்தின் பொருளுக்கும் சம்பந்தம் கிடையாது. ரிமினி நகரத்தின் தியோத்தல்லேவிப் பிரபு ஒருவரிடம் இருந்ததால் வந்த பெயர். 1840களின் தொடக்கத்தில் பெர்லின்காரர்கள் அவரிடமிருந்து அதை வாங்கிக்கொண்டார்கள். அதே ரிமினிக் குடும்பத்துப் பெயருடன் பிரான்செஸ்கோ தியோத்தல்லேவி என்ற ஆயர் 1614 முதல் 1621 வரை போலந்தில் போப்பாண்டவரின் தூதராக இருந்திருக்கிறார். ஆக, இந்தப் பெயர் மாளிகையிலும் இருந்தது, ஆயர் மாளிகையிலும் இருந்தது. பிறப்பு தெரியாதவர் என்று அவர்களைச் சொல்ல யாருக்கும் துணிவு வந்திருக்காது.

அப்படியானால் நாவலின் நண்பர் சொன்னது பொய்யா? அதுவும் இல்லை.

இத்தாலியின் பெரிய நகரங்களில் தருமமருத்துவமனைச் சுவரில் ஒரு சுழல் தொட்டில் இருந்தது. ‘ருவோத்தா’ என்பார்கள், சக்கரம் என்று பொருள். நிற்க வைத்த மரப்பீப்பாய் மாதிரி. ஒரு பக்கம் மட்டும் திறப்பு. தெருவிலிருந்து குழந்தையை உள்ளே கிடத்திச் சுற்றிவிட்டால் திறப்பு உள்பக்கம் போய்விடும். மணியை அடித்துவிட்டு வந்தவர் போய்விடலாம். உள்ளே இருப்பவர்கள் குழந்தையை எடுப்பார்கள். யார் விட்டது என்று முகம் தெரியாது. ஃப்ளாரன்ஸில் புருனெல்லெஸ்கி வரைந்து 1419இல் கட்டத் தொடங்கிய ‘இன்னொசெந்தி’ மருத்துவமனை, ‘மாசற்றோர் இல்லம்’ என்று சொல்லலாம், 1445இல் திறந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 5ஆம் தேதி முதல் குழந்தை வந்தது. அன்று புனித ஆகத்தாவின் திருநாள் என்பதால் அந்தப் பெண் குழந்தைக்கு ஆகத்தா ஸ்மெரால்தா என்று பெயரிட்டார்கள். இன்று அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி அருங்காட்சியகம். குழந்தைகளோடு வந்த அடையாளப் பொருள்களைச் சின்னச் சின்ன இழுப்பறைகளில் வைத்திருக்கிறார்கள்: பாதியாக வெட்டிய பதக்கம், ஒரு மணி, கிழித்த துணி. மறுபாதி தாயிடம் இருக்கும். காலம் நன்றானால் அதைக் காட்டிப் பிள்ளையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. இழுப்பறையில் இருப்பவை மறுபாதி வந்து சேராதவை. அநாதை என்ற சொல்லை நாம் கொஞ்சம் வேகமாகப் பயன்படுத்துகிறோம் என்று அவற்றைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் தோன்றும். அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தாய் உயிரோடு, அதே ஊரில், சில தெருக்கள் தள்ளி இருந்தாள்.

அந்தப் பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயர் எங்கிருந்து வரும்? ஊருக்கு ஊர் ஒரு வழக்கம். நேப்பிள்ஸில் ‘எஸ்போசித்தோ’. வெளியே வைக்கப்பட்டவன் என்று பொருள். ரோமில் ‘புரொயெத்தி’, எறியப்பட்டவர்கள். ஃப்ளாரன்ஸில் ‘இன்னொசெந்தி’யும் அதன் கிளைப் பெயர்களும். மிலானில் ‘கொலொம்போ’, அதாவது புறா. மருத்துவமனையின் சின்னம் அது. (கடலோடி கொலம்பஸும் கொலொம்போதான். ஆனால் அவர் நெசவாளி ஒருவரின் மகன், ஜெனோவாக்காரர். பெயரைப் பார்த்துப் பிறப்பைச் சொல்ல முடியாது என்பதற்கு அவரும் ஒரு சாட்சி.)

எஸ்போசித்தோ என்றாலே ஊர் சிரிக்கும் என்ற நிலை வந்தது. நேப்பிள்ஸை 1808 முதல் 1815 வரை ஆண்ட முராத், நெப்போலியனின் மைத்துனர், இனி அந்தப் பெயரை வைக்கக்கூடாது என்று தடுத்தார். தடை வருவதற்குள் பெயர் பரவிவிட்டது. இன்றைக்கு இத்தாலியில் மிக அதிகமாக வழங்கும் குடும்பப்பெயர்களில் எஸ்போசித்தோவும் ஒன்று. நேப்பிள்ஸில் கல்லெறிந்தால் ஒரு எஸ்போசித்தோ மேல் விழும்.

முத்திரை குத்தும் பெயர்கள் வேண்டாம் என்று ஆனபின் எழுத்தர்களின் வேலை கடினமாயிற்று. வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக ஒரு பெயர் உண்டாக்க வேண்டும். ஊரில் ஏற்கெனவே உள்ள குடும்பத்தின் பெயரை வைத்தால் அந்தக் குடும்பம் சண்டைக்கு வரும். அப்போது சிலர் பூ, பறவை, கிழமை, அன்றைய புனிதர் என்று தேடினார்கள். சிலர் பழைய வாழ்த்துப் பெயர்களைப் பரணிலிருந்து இறக்கினார்கள். கடவுள் கொடுத்தது, கடவுளை நம்பு, கடவுள் வளர்க்கட்டும். ‘தியோத்தல்லேவி’ இந்த வழியாகவும் சில பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆறேழு நூற்றாண்டுக்கு முன் ஒரு தகப்பன் தன் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்துச் சொன்னதையே, பேனாவை மையில் தோய்த்தபடி ஓர் எழுத்தர், யாருடையது என்று தெரியாத பிள்ளையைப் பார்த்து எழுதினார். சொல் ஒன்றே. சொன்னவர் யார் என்று பெயர் காட்டிக்கொடுப்பதில்லை.

ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில்: அநாதைப் பிள்ளைகளுக்கும் வைத்த பெயர்; அநாதைப் பிள்ளைகளின் பெயர் அல்ல. ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதை என்ன என்பதை ஏடு மட்டுமே சொல்லும். இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்கள் பழைய பிறப்பு, திருமண, இறப்பு ஏடுகளைப் படமெடுத்து ‘அந்தெனாத்தி’ என்ற இணையதளத்தில் இலவசமாகப் போட்டுவைத்திருக்கின்றன. ‘முன்னோர்’ என்று பொருள். நாடு முழுவதற்குமான அரசுப் பதிவு 1866இல் தொடங்கியது. நெப்போலியன் காலத்து ஆட்சிகள் நடந்த இடங்களில் அதற்கும் அறுபது ஆண்டு முந்திய ஏடுகள் உண்டு. விடப்பட்ட குழந்தை என்றால் பதிவே நீளமாக இருக்கும்: எத்தனை மணிக்கு, எங்கே கிடைத்தது, என்ன துணி சுற்றியிருந்தது, கூட என்ன இருந்தது, என்ன பெயரும் குடும்பப்பெயரும் இட்டோம் என்று. தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பிற்காலத்தில் இரண்டெழுத்துதான் இருந்தது. ‘பெயர் அறியேன்’ என்ற லத்தீனின் சுருக்கம். பள்ளிச் சான்றிதழிலிருந்து வேலை விண்ணப்பம் வரைக்கும் அது ஒருவரைத் துரத்தியது. 1955இல் வந்த சட்டம்தான் பொது ஆவணங்களில் பெற்றோர் பெயர் எழுதும் வழக்கத்தை நிறுத்தி அதற்கு முடிவுகட்டியது. இன்றைய விதி இன்னும் கறாரானது. 2000ஆம் ஆண்டின் குடிப்பதிவு ஆணைப்படி, பெற்றோர் தெரியாத குழந்தைக்கு அந்த நிலையைக் காட்டிக்கொடுக்கிற பெயரோ குடும்பப்பெயரோ வைக்கக்கூடாது. அந்த ஊரில் பிரபலமான குடும்பத்தின் பெயரையும் வைக்கக்கூடாது. அதே விதியில், உயிரோடிருக்கும் தகப்பனின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதற்கும் தடை இருக்கிறது, தெரியுமா?

இனி எக்கோ. அவர் இந்தப் பெயரைப் போகிறபோக்கில் பொறுக்கி எடுக்கவில்லை என்பது என் ஊகம். காரணம், அவருடைய சொந்தப் பெயர். எக்கோவின் தாத்தா விடப்பட்ட குழந்தை. நகராட்சி அலுவலர் ஒருவர் வைத்த பெயர்தான் ‘எக்கோ’. அதன் பொருள் அவருக்கே வெகுகாலம் தெரியாது. பிறகு ஒரு நண்பர், வத்திக்கான் நூலகத்தில் இயேசு சபையினரின் சுருக்கெழுத்துப் பட்டியல் ஒன்றைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: லத்தீனில் ‘எக்ஸ் செலிஸ் ஒப்லாத்துஸ்’, விண்ணிலிருந்து வழங்கப்பட்டவன், அதன் முதலெழுத்துகள்தான் எக்கோ என்று. எக்கோ இதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சொற்களின் பூர்வீகம் தேடுகிறவன் என்ற முறையில், முதலெழுத்துகளைச் சேர்த்து விளக்கம் சொல்கிற கதைகளை நான் சந்தேகத்தோடுதான் அணுகுவேன். பத்தில் ஒன்பது பின்னால் கட்டியவை. இத்தாலியத்தில் ‘எக்கோ’ என்றால் எதிரொலி என்று நேரடியாகவே பொருள் இருக்கிறது. ஆனால் 1988இல் வெளிவந்த அந்த நாவல் முழுக்க எதற்கும் எதையும் முடிச்சுப்போடும் மனிதர்களைப் பற்றியது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குறியீடுகளைப் பற்றிக் காலமெல்லாம் பாடம் எடுத்த மனிதருக்குத் தன் பெயரே ஒரு புதிராக வாய்த்திருந்தது. தாத்தாவின் கதையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு ஒரு பாத்திரத்தின் தலையில் வைத்துவிட்டார் என்றே எனக்குப் படுகிறது.

அந்தப் பாத்திரம் தன்னை யூதன் என்று சொல்லிக்கொள்வதிலும் கொஞ்சம் விஷயம் உண்டு. இத்தாலிய யூதர்களின் குடும்பப்பெயர்களில் பெருவாரியானவை ஊர்ப்பெயர்கள்: அங்கோனா, மோதெனா, பேசாரோ. கடவுளைச் சேர்த்த பெயர்கள் அவர்களிடம் பெரும்பாலும் இட்ட பெயராகத்தான் இருந்தன, எபிரேயப் பெயர்களின் இத்தாலியச் சாயலாக. இத்தாலிய மொழியியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான அஸ்கோலி (1829–1907) கொரித்சியா நகரத்து யூதர். அவருடைய முழுப்பெயர் கிராட்சியாதியோ இசாயா அஸ்கோலி. முதல் பெயரில் கடவுளின் அருள், கடைசிப் பெயரில் மார்க்கே வட்டாரத்து ஊர் ஒன்று. ஆகவே அந்த மாதிரிப் பெயரைக் கேட்டு ‘நம்மவராக இருக்குமோ’ என்று ஒருவருக்குத் தோன்றுவது முழுப் பைத்தியக்காரத்தனம் இல்லை. குடும்பப்பெயராக வரும் தியோத்தல்லேவி மட்டும் கிறிஸ்தவ நடு இத்தாலியின் சரக்கு.

எத்தனை பேர் என்று கேட்டிருந்தீர்கள். இத்தாலியில் குடும்பப்பெயர்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஐரோப்பாவில் இந்த விஷயத்தில் செழித்த நாடுகளில் ஒன்று. ரோஸ்ஸி, ருஸ்ஸோ, ஃபெர்ராரி போல நாடு முழுக்க விரவிய பெயர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவற்றில் பெரும்பாலானவை ஒரு மாவட்டம், ஒரு பள்ளத்தாக்கு என்று ஒடுங்கிய பெயர்கள். தியோத்தல்லேவி அரிய பெயர்தான், அழிகிற பெயரல்ல. அத்ரியாத்திக் கடற்கரையோரமான மார்க்கே, அதை ஒட்டிய ரிமினி பக்கம், உம்பிரியா, ரோம். இவ்வளவுதான் அதன் நாடு. ரோமில் இருப்பதற்குக் காரணம் சுலபம்: மார்க்கேயும் உம்பிரியாவும் 1860 வரை போப்பாண்டவரின் ஆட்சிப்பகுதி, வேலை தேடுகிறவனுக்கு ரோம்தான் தலைநகர். துரினில் ஒரு தியோத்தல்லேவி இருக்கிறார் என்றால், அவரோ அவருடைய தகப்பனாரோ தாத்தாவோ பிழைப்புக்காக வடக்கே போனவராக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் கார்த் தொழிற்சாலைகள் பாதி இத்தாலியை அந்த நகரத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தன.

இப்படிப்பட்ட சிறிய பெயர்களின் ஆயுளைச் சட்டமும் தீர்மானிக்கிறது. இத்தாலியில் பெண் திருமணமானாலும் தன் குடும்பப்பெயரை விடுவதில்லை, ஆனால் பிள்ளைக்குத் தகப்பன் பெயர்தான் போகும் என்பது நீண்டகால விதி. ஒரு தலைமுறையில் எல்லாம் பெண்களாகப் பிறந்தால் அந்தக் கிளையில் பெயர் நின்றுபோகும். 2022இல் அரசமைப்பு நீதிமன்றம் தன் 131ஆம் எண் தீர்ப்பில் அந்த விதியை ரத்துசெய்தது. இனி இருவர் பெயரும் சேர்ந்தே பிள்ளைக்குப் போகும். ஒன்று போதும் என்று இருவரும் ஒப்புக்கொண்டால் ஒன்று. ரோஸ்ஸிக்கும் தியோத்தல்லேவிக்கும் கல்யாணமானால், எதைப் பிள்ளைக்கு விட்டுவைப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் இந்தப் பெயரைத் தேடினால், ‘உங்கள் குடும்பத்தின் குலச்சின்னம்’ என்று கேடயமும் சிங்கமும் போட்டுச் சட்டமடித்து விற்பார்கள். ரிமினிப் பிரபுக்களின் சின்னம் ரிமினிப் பிரபுக்களுக்கு. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே துரின் வீட்டுக்காரருக்கு அது சொந்தமாகாது. போதாக்குறைக்கு 1948இன் அரசமைப்புச் சட்டம் பிரபுப் பட்டங்களையே அங்கீகரிப்பதில்லை. வீட்டுக்காரருக்குப் பரிசு கொடுக்க நினைத்தால் மதுரையிலிருந்து நல்ல சுங்குடித் துணி அனுப்புங்கள்.

இப்போது மகளின் தயக்கம். ‘உங்கள் பெயர் அநாதைகளுக்கு வைக்கிற பெயராமே’ என்று அவள் தொடங்கினால் வீட்டுக்காரர் நாவல் படித்தவராக இருந்தாலும் முகம் சுருங்கிவிடும். ஃப்ளாரன்ஸ் இல்லத்தின் சுழல் தொட்டிலை 1875 ஜூன் கடைசியில் மூடினார்கள். அன்று கடைசியாக வந்த ஆண் குழந்தைக்கு எழுத்தர் சூட்டிய பெயர் உல்த்திமோ லஷாத்தி, ‘விடப்பட்டவர்களில் கடைசி’. அந்தப் பெயரோடு பள்ளிக்கும் பட்டாளத்துக்கும் போய் வரிசையில் நின்று பதில் சொல்லியிருக்க வேண்டியவன் அந்தப் பிள்ளை. இந்த நினைவு அங்கே இன்னும் முழுக்க ஆறிவிடவில்லை.

அதற்குப் பதில், வாடகை கொடுக்கப் போகும்போது, ‘உங்கள் குடும்பம் பூர்வீகமாகத் துரின்தானா?’ என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். இத்தாலியருக்குப் பிடித்த கேள்வி அது. ‘இல்லை, மார்க்கே பக்கம், எங்கள் தாத்தா...’ என்று அவர் தொடங்கினால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். பெயரைத் தகரத்தோடு சொல்ல மறக்க வேண்டாம்.